அத்தையின் பதினோரு வருஷம்

நான் ஊரைவிட்டுக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. வழியனுப்ப அத்தை மட்டும் ரயில் நிலையத்துக்கு வந்திருந்தாள். மாமா வரவில்லை. நடந்தால் அவருக்கு மூச்சு வாங்கும், நிற்க நேர்ந்தால் கோபம் வரும்.

"போய் நல்லா சுத்திட்டு வாடி. எனக்கும் பதினோரு வருஷம் இருக்கு. நான் கப்பல்லதான் போகப்போறேன்" என்றாள்.

அந்தப் பதினோரு வருஷத்தை அவளுக்கு வழங்கியவர் சாட்சாத் மாமாவேதான். யார் எத்தனை வயதில் சாவார்கள் என்ற அட்டவணையோடு ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவர். அங்கே அவருக்குப் பட்டப்பெயரே 'அட்டவணை'. கல்யாணமான புதிதில், ஒரு தடவை கப்பலில் கூட்டிப் போகச் சொன்னவளிடம் அவர் சொன்ன பதில் இது:

"பொம்பளைங்க ஆம்பளைங்களைவிட அஞ்சு வருஷம் கூட இருப்பாங்க. நான் உன்னைவிட ஆறு வயசு பெரியவன். எனக்கப்புறம் பதினோரு வருஷம் சும்மாதானே இருப்ப? அப்போ போய்க்கோ."

வேறொருத்தி என்றால் அழுதிருப்பாள். அத்தை ஆஸ்பத்திரித் தையல் அறையில் வேலை பார்த்தவள். கந்தலான போர்வையைக்கூட ஒட்டுப்போட்டுக் கட்டிலுக்கு அனுப்புகிறவள். இந்தப் பதிலையும் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டாள்.

மாமாவும் தன்னால் ஆனதைச் செய்தார். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட். டாக்டர் இருக்கும் தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். நாற்காலியில் இருந்தபடியே தண்ணீருக்குக் குரல் கொடுப்பதுதான் தேகப்பயிற்சி. ஆண்களின் ஆயுள் ஏன் குறைவு என்று ஆராய்கிறவர்கள் அவரை ஒருமுறை பார்த்திருந்தால் வேறு வேலை தேடிப் போயிருப்பார்கள்.

நான்கு வருஷம் கழித்துத் திரும்பி வந்தேன். அன்று மாமாவுக்கு எழுபத்திரண்டு முடிந்தது. ஆபீஸ் அட்டவணையில் ஆண்களுக்கு எழுதியிருந்த வயதும் அதுதான். அத்தை கையில் தட்டோடு வந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டவணையைப் பிரித்தார்.

"எழுபத்திரண்டுங்கிறது இன்னைக்குப் பொறக்கிற குழந்தைக்கு. இது வரைக்கும் வந்துட்டவனுக்குக் கணக்கே வேற. எனக்கு இன்னும் பத்து வருஷம் போட்டிருக்கு."

"பத்து வருஷம் கழிச்சு?"

"அப்பவும் இருந்தேன்னா மேல அஞ்சு போடுவான்."

அத்தை கையிலிருந்த தட்டை மேஜைமேல் வைத்தாள். "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"பின்னே? முப்பத்தஞ்சு வருஷம் அந்த சீட்டுல உட்கார்ந்து ஈயா ஓட்டினேன்?"

"அப்போ என்னோட பதினோரு வருஷம்?"

"அது சராசரிடி. உனக்குன்னு எவன் எழுதிக் கொடுத்தான்?"

எமன்கூட இத்தனை நாணயமாகப் பேசியிருக்க மாட்டான். அத்தை அடுப்படிக்குப் போனாள். பின்னாலேயே போனேன். அவள் அழவில்லை.

"குத்துக்கல்லு மாதிரி இருக்காருடி. இந்த மனுஷன் எப்போ போவாருன்னு நாப்பத்திநாலு வருஷமா உட்கார்ந்திருந்தேனே, எனக்கே வெட்கமா இருக்கு. அவருக்கு முன்னாடி நான் போகமாட்டேன்னு யார் கண்டா?"

எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. அடுத்த மாதமே மறுபடி கிளம்பிவிட்டேன். ஒன்றரை வருஷம் கழித்து, எங்கோ ஒரு பேருந்துக்காகக் காத்து நின்றபோது அத்தையிடமிருந்து செய்தி வந்தது.

"கப்பல் ஏறி மூணு நாளாச்சு. வாந்தி நின்னுடுச்சு. உன் மாமா போன்ல சண்டை போட்டார், குரல் கணீர்னு இருந்தது. அடுப்பு பத்தவைக்கக் கத்துக்கிட்டாராம். தொண்ணூறு வரைக்கும் இருப்பார்னு நினைக்கிறேன். இருக்கட்டும்."