நம்பர் நாலு, வலது

இதை வெளியே சொல்வதால் எனக்குக் கெடுதல்தான். விசாரணையில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலம் பொய் என்று ஆகிவிடும். என்மேல் வழக்குகூட வரலாம். வரட்டும். நடந்தது நடந்ததுதான்.

பேய் என்றால் இருட்டு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று நினைப்பீர்கள். எனக்கு நடந்தது காலை எட்டு நாற்பத்தொன்பதுக்கு. மாசி மாத வெயில். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. திருத்தணி மலைக் கோபுரம் பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தது.

என் பெயர் ஸ்ரீதர். கனகம்மாசத்திரத்துக்கும் திருத்தணிக்கும் நடுவே, வேர்க்கடலைக் கொல்லைகளை ஒட்டி ஒரு தனியார் ஓடுபாதை இருந்தது. அங்கே விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கக் கற்றுக்கொடுத்தோம். எனக்குத் தரையில் வேலை. கையில் வாக்கி டாக்கியை வைத்துக்கொண்டு, இறங்கி வருகிற மாணவர்களுக்கு வழி சொல்ல வேண்டும். "நம்பர் ஒண்ணு, இடது இழு. நம்பர் ரெண்டு, மலையைப் பாத்து நேரா வா." ஓடுபாதை போட்ட நாளிலிருந்து ஆறு வருடமாக நான்தான் இதைச் செய்தேன். முந்நூறு பேரையாவது இறக்கியிருப்பேன். ஒருவருக்கும் கணுக்கால் சுளுக்கியதுகூட இல்லை.

ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். மாணவர்களின் நெஞ்சில் கட்டியிருக்கும் ரேடியோவில் கேட்கத்தான் முடியும். பேச முடியாது. பயத்தில் கண்டதையும் கத்தி மற்றவர்களைக் குழப்பிவிடுவார்கள் என்று, பேசும் பொத்தானையே கழற்றிவிட்டு டேப் சுற்றி வைத்திருந்தோம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாணவர்கள் மூன்று பேர். நம்பர் ஒன்று ஷோபனா, திருத்தணியில் பள்ளி ஆசிரியை, அதிகம் பேசமாட்டார். நம்பர் இரண்டு பிரேம்குமார். அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பத்துப் பையன், இருபத்தேழு வயது. நம்பர் மூன்று பக்தவச்சலம். ஆர்.கே.பேட்டைப் பக்கம் நிலம் நீச்சு உள்ளவர், நாற்பத்தாறு வயது, கட்சிக்காரர். தேர்தலுக்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது. பொதுக்கூட்டத்தில் கட்சிக் கொடியோடு வானத்திலிருந்து இறங்க வேண்டும் என்பது அவர் ஆசை. பிரேம்குமார் எதிர்க்கட்சி. இருவரும் ஒருவரையொருவர் சீண்டாமல் பெல்ட்கூடக் கட்ட மாட்டார்கள்.

தலைமைப் பயிற்சியாளர் ராஜமாணிக்கம், ராணுவத்தில் குதித்தவர். தொடைப் பட்டை, மார்புப் பட்டை, ஹெல்மெட் எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பெரிய குடை தொறக்கல. இன்னா பண்ணுவ?"

"பெரிச வெட்டி வுட்டுட்டு சின்ன குடைய இழுப்பேன் சார்" என்றான் பிரேம்குமார்.

"அதுக்குப் பேருதாங்க கூட்டணி" என்றார் பக்தவச்சலம். "பெருசு கவுத்தா சின்னது காப்பாத்தும்."

"உங்க கூட்டணியில ரெண்டும் தொறக்காது பாவா. நேரா டெபாசிட்டு காலி" என்றான் பிரேம்குமார், அவரை மச்சான் முறை வைத்து.

"டேய், உங்க ஆளு எத்தினி கட்சி தாவினாரு, கணக்கு சொல்லு பாக்கலாம்."

"அதனாலதான் எங்களுக்குத் தாவுறதுல பயமே இல்ல."

ஷோபனாகூடச் சிரித்துவிட்டார். ராஜமாணிக்கம் சிரிக்கவில்லை. "கட்சியெல்லாம் தரையில வெச்சிக்குங்க. இருநூறு அடிக்குக் கீழ வந்துட்டா திரும்பக் கூடாது. எதிர்ல எருமை நின்னாலும் நேரா வந்து விழு. தாழ்ந்து வந்துட்டுத் திரும்பினா குடை தலைகீழா உன்ன தரையில அடிச்சிரும். சின்ன குடைக்கு நேரம் கெடையாது. புரியுதா?"

"ஆங் சார்" என்றார்கள் மூன்று பேரும்.

ஏழு பத்துக்கு விமானம் கிளம்பியது. அதில் விமானி, ராஜமாணிக்கம், மூன்று மாணவர்கள். அதற்கு மேல் ஒரு ஆள் உட்கார இடமே கிடையாது.

ஏழு இருபத்தாறுக்கு மூன்று குடைகளும் விரிந்துவிட்டன. நான் ஒவ்வொருவராக வழி சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

அப்போது வாக்கி டாக்கியில் ஒரு சத்தம். கர்ர்ர்... டிக்.

"சார்... நம்பர் நாலு சார்."

ஆண் குரல். மெல்லிய குரல். காற்றில் துணி படபடக்கும் சத்தம் அதற்குப் பின்னால் கேட்டது.

அண்ணாந்து பார்த்து எண்ணினேன். மூன்று குடைகள்தான்.

"எனக்கு ஒண்ணும் சொல்லலியே சார்..."

பிறகு சத்தம் நின்றுவிட்டது. வேறு யாரோ எங்கோ பேசுவது நம் ரேடியோவில் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மூவரும் பத்திரமாக இறங்கினார்கள். கடைசியாக பக்தவச்சலம் புட்டம் தேய உட்கார்ந்தே இறங்கினார். அவர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருக்கும்போது, தரையில் ஒரு நிழல் வந்தது. குடையின் நிழல். கொல்லையிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்து, என் கால்மேல் ஏறி, அந்தப் பக்கம் போய்விட்டது.

மேலே பார்த்தேன். வெறும் வானம்.

விமானம் இறங்கியதும் ராஜமாணிக்கம் வந்து என் தோளில் தட்டினார். "நாலு பேரையும் நல்லா எறக்கிட்டப்பா."

"மூணு பேருண்ணே."

அவர் ஒரு கணம் என்னையே பார்த்தார். "ஆங்... மூணு." முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

விமானி வேறு முணுமுணுத்தார். எப்போதும் பதினோரு நிமிடத்தில் ஏறும் உயரத்துக்கு இன்று பதினான்கு நிமிடம் ஆயிற்றாம். ஏதோ பாரம் அதிகம் மாதிரி இருந்ததாம்.

நான் பக்தவச்சலத்தைத் தனியாகக் கூப்பிட்டேன். "மேல இருந்து யாராவது விளையாட்டுக்குப் பேசினீங்களா?"

"நீ வேற நைனா! எனக்கு முருகான்னு சொல்லவே வாய் வரல. இதுல பேச்சு எங்க?"

மூன்று ரேடியோக்களையும் வாங்கிப் பார்த்தேன். டேப் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

எங்கள் விதிப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. ரேடியோவில் தெரியாத குரல் கேட்டால், காரணம் தெரியும்வரை யாரும் குதிக்கக் கூடாது. அந்த வரியை எழுதியவர்களில் நானும் ஒருவன். அப்படியிருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. ஒன்பது மணிக்கு மேல் காற்று ஏறிவிடும் என்று ராஜமாணிக்கம் அவசரப்படுத்தினார். அதுகூடக் காரணமில்லை. பேய் என்று சொன்னால் பிரேம்குமாரும் பக்தவச்சலமும் என்னை வைத்துத் தேர்தல் முடியும்வரை சிரிப்பார்கள். அதற்குத்தான் பயந்தேன்.

ரேடியோக்கள் எல்லாவற்றையும் வேறு சேனலுக்கு மாற்றினேன். அத்தோடு சரி.

இரண்டாவது முறை விமானம் கிளம்பியது எட்டு முப்பதுக்கு. ஏறும்போதே பிரேம்குமார் கத்தினான். "பாவா, இந்தத் தடவ ஒழுங்கா எறங்கலன்னா எங்க கட்சியில சேந்துடணும்!"

"போடா! அதுக்கு நான் குடையில்லாமலே குதிப்பேன்!"

அவன் சிரித்துக்கொண்டே கதவோரம் உட்கார்ந்ததுதான், நான் அவனை நிமிர்ந்த உடம்போடு பக்கத்தில் கடைசியாகப் பார்த்தது.

எட்டு நாற்பத்தைந்து. மூன்று குடைகள் விரிந்தன. எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். மூன்றுதான்.

எட்டு நாற்பத்தாறு. கர்ர்ர்... டிக்.

"சார்... நம்பர் நாலு சார்."

சேனலை மாற்றியிருந்தேன். இருந்தும் வந்தது.

"ரெண்டாயிரம் அடி சார்... நான் எங்க எறங்கறது?"

காதில் விழாத மாதிரி ஷோபனாவுக்கு வழி சொன்னேன்.

"ஆயிரம் அடி சார்..."

எட்டு நாற்பத்தெட்டு. ஷோபனா இறங்கிவிட்டார். நல்லபடியாகவே இறங்கினார். அடுத்து பிரேம்குமார். மலையைப் பார்த்து, கோடு போட்ட மாதிரி நேராக வந்துகொண்டிருந்தான். அவனுக்குச் சொல்ல வேண்டியது எதுவுமே இல்லை.

"ஐந்நூறு சார்..."

அந்தக் குரலில் அழுகை இருந்தது.

"சார், சொல்லுங்க சார்... எதிர்ல கரண்டு கம்பி வருது சார்... எந்தப் பக்கம் இழுக்கட்டும்?"

மைதானத்தின் ஓரத்தில் மின்கம்பி உண்டு. எங்கள் ஆட்களுக்கு நான் தினமும் சொல்லும் எச்சரிக்கை அது.

"சார்...!"

எட்டு நாற்பத்தொன்பது.

ஆறு வருடப் பழக்கம். கேட்டால் சொல்லிவிடும் வாய். யோசிப்பதற்குள் விரல் பொத்தானை அழுத்திவிட்டது.

"நம்பர் நாலு, வலது! வலது இழு!"

ஒரு விநாடி.

"சரிங்க சார்."

பிரேம்குமார் நூறடி உயரத்தில் இருந்தான். நேராக வந்தவன்... சட்டென்று ஒரு கையை முழுவதும் இழுத்தான்.

குடை சாய்ந்தது.

"திரும்பாத!" என்று கத்தினேன்.

சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

மூன்று அதிகாரிகள் விசாரித்தார்கள். ஷோபனா, "சார் நம்பர் நாலுன்னு யாரையோ கூப்பிட்டாரு" என்று சொன்னார். பக்தவச்சலமும் அதையே சொன்னார். ராஜமாணிக்கம் தன் காதில் எதுவும் விழவில்லை என்று சொல்லிவிட்டார். என்னைக் கேட்டார்கள். வாய் தவறி வந்துவிட்டது, மாணவனை நான் திருப்பவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். வாக்கி டாக்கியில் வந்த குரலைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. தாழ்ந்த உயரத்தில் திரும்பியது மாணவனின் தவறு என்று முடிவு செய்தார்கள். ஓடுபாதையைப் பூட்டினார்கள்.

பக்தவச்சலம் அந்தத் தேர்தலில் எங்கும் போய் ஓட்டுக் கேட்கவில்லை. சென்னையில் பிரேம்குமார் கிடந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் இருந்தார். "வேற கட்சியா இருந்தா இன்னா, எங்க பக்கத்துப் புள்ள" என்று டாக்டர்களிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவர் சண்டையால் ஒன்றும் ஆகவில்லை. முதுகெலும்பு நொறுங்கிவிட்டது என்றார்கள். இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்றார்கள்.

நான் பழைய பதிவேடுகளை எல்லாம் புரட்டினேன். அந்த மைதானத்தில் அதற்கு முன் யாரும் செத்ததில்லை. விழுந்ததில்லை. காணாமல் போனதும் இல்லை. ஓடுபாதை வருவதற்கு முன்னால் அது வெறும் கடலைக் கொல்லை. நிலத்தை விற்றவரையும் தேடிப் போய்க் கேட்டேன். அங்கே எந்தக் கெட்டதும் நடந்ததில்லை என்றார்.

அந்த நம்பர் நாலு யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அறுபத்தோராம் நாள் அம்மையார்குப்பம் போனேன். பிரேம்குமாரைக் கூடத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்து அறையில் தறி ஓடிக்கொண்டிருந்தது. டடக்... டடக்... அவன் கால்கள் போர்வைக்குள் அசையாமல் இருந்தன.

"நான் வேணும்னு திரும்பல சார்" என்றான்.

"தெரியும்பா."

"ரூல் எனக்குத் தெரியும் சார். நீங்க 'நம்பர் நாலு, வலது'ன்னு சொன்னது கேட்டுச்சு. நமக்கு இல்லன்னு நேராத்தான் வந்துகினு இருந்தேன்."

"அப்புறம் ஏன்..."

"அவரு திரும்பிட்டாரு சார்."

நான் கட்டிலோரம் குனிந்தேன்.

"யாரு?"

"நாலாம் நம்பரு. என் இடது பக்கத்துலயே கூட வந்துகினு இருந்தாரு. பத்தடி கூட இருக்காது. நீங்க வலதுன்னு சொன்னதும் டபக்குனு திரும்பிட்டாரு. என் குறுக்க. மோதினா ரெண்டு பேரும் போயிடுவோம்னு நான் ஒதுங்கினேன்."



"முகத்தப் பாத்தியா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அத மட்டும் கேக்காதீங்க சார்."

கூடத்துச் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான். நான் எழுந்தேன். அப்போது அவனே கூப்பிட்டான்.

"சார்."

"சொல்லுப்பா."

"ரொம்ப பயந்து போயிருந்தாரு. அழுதுகினு இருந்தாரு. அவராவது பத்திரமா எறங்கிட்டாரா சார்?"

அந்த இரண்டாவது முறை மைதானத்தில் தரையைத் தொட்டது மூன்று குடைகள்தான். நானே எண்ணிப் பார்த்தேன்.

"ஆங்" என்றேன். "எறங்கிட்டாரு."