முப்பத்தைந்து டிகிரி

பொரிப்பகத்தில் அவருக்கு ‘டிகிரி’ என்று பெயர். கல்லூரி வாசலை மிதிக்காத மனிதருக்கு உடன் வேலை பார்த்தவர்கள் வைத்த பட்டம் அது. முட்டையை உடைத்துக்கொண்டு வந்த கோழிக்குஞ்சுகள் முதல் வாரத்தைக் கழிக்கும் கொட்டகைக்கு இருபத்தாறு ஆண்டுகளாக அவரே பொறுப்பு. விளக்கைத் தாழ்த்துவார், உயர்த்துவார், வெப்பமானியைப் பார்ப்பார், மறுபடி விளக்கிடம் போவார். வீட்டிலும் அவர் ஓரிடத்தில் உட்கார்ந்ததில்லை. சாப்பாட்டைக்கூடப் பாதி நேரம் நின்றபடிதான் முடிப்பார்.

மகள் பத்து நாள் பயிற்சிக்காக வெளியூர் புறப்பட்டபோது, அவளுடைய நாய் நிறைமாதமாக இருந்தது. அதைத் தோழியின் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்று அவள் நினைத்தாள். அவருக்குச் சுருக்கென்றது.

“ஏம்மா, லட்சக்கணக்குல குஞ்சு பாத்தவன் வீட்டுல இருக்கேன். நாலு குட்டிக்கு இன்னொருத்தர் வீட்டுப் படியேறணுமா?”

“அது கோழி இல்லப்பா.”

“உயிருன்னா எல்லாம் ஒண்ணுதான்.”

“சரி. ஒண்ணுகூடக் குறையாம வெச்சிருங்க” என்று மகள் பையைத் தூக்கிக்கொண்டாள். பாதி விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அந்தச் சொல் அவரோடு ஒட்டிக்கொண்டது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கும் எட்டே காலுக்கும் இடையில் ஐந்து குட்டிகள் பிறந்தன. கடைசியாக வந்த கறுப்புக்குட்டி மற்றவற்றில் பாதிகூட இல்லை. அவர் மூன்று நாள் விடுப்புச் சொன்னார். தொலைக்காட்சிப் பெட்டி வந்த பெரிய அட்டைப்பெட்டியைப் பின்னறையில் வைத்து, நடுவில் நூறு வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, சூடு வெளியே போகாதபடி நான்கு பக்கமும் போர்வையால் மூடினார். வெப்பமானியைப் பார்க்க மட்டும் ஒரு சந்து. குஞ்சுகளுக்கு வைக்கும் அதே கணக்கு: முப்பத்தைந்து.

தாய்நாய் அரை மணி நேரம் பொறுத்தது. பிறகு எழுந்து போய்க் குளியலறையின் ஈரத்தரையில் நீட்டிப் படுத்துக்கொண்டது. அவர் தூக்கிவந்து உள்ளே விட்டார். அது மறுபடி போயிற்று. ஏழாவது தடவை அறை வாசலில் பலகையை நிறுத்தினார். அது பலகையைத் தாண்டியது.

“இதுக்குத் தாய்ப்பாசமே கிடையாது” என்றார் மனைவியிடம்.

மனைவி முன்னறையில் தையல் மெஷினில் இருந்தார். “பாவம், அதுக்கு நாக்கு தொங்குதுங்க.”

“பிரசவக் களைப்பு.”

“நானும் பெத்தவதான். களைச்சப்போ எனக்கு யாரும் நூறு வாட் பல்பு போடல.”

அவர் பின்னறைக்குப் போனார். சந்தில் கண்ணை வைத்தார். முப்பத்தைந்து. முன்னறைக்குப் போனார், தெருவைப் பார்த்தார், திரும்பி வந்து சந்தில் கண்ணை வைத்தார். முப்பத்தைந்து. கணக்கு சரியாக இருந்தும் உள்ளிருந்து வந்த சிணுங்கல் நிற்கவில்லை. அன்று முழுவதும் வீட்டின் நீளத்தை அவர் கால்கள் அளந்தபடியே இருந்தன.

செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்றரைக்குக் குளியலறைப் பக்கம் போனவர், வாசலிலேயே நின்றுவிட்டார். தாய் ஈரத்தரையில் படுத்திருந்தது. அதன் முன்கால்களுக்கு அருகே கறுப்புக்குட்டி. வாயில் கவ்விக் கொண்டுவந்து போட்டிருக்கிறது. எடுத்துப் பார்த்தார், ஈரத்துணி போல் சில்லென்று தொங்கியது. வயிறு மட்டும் எப்போதாவது அசைந்தது.

“பாலைக் காய்ச்சு. சீக்கிரம். பல்புக்குக் கிட்டப் பிடிக்கிறேன்.”

“ஒரு நிமிஷம் சும்மா இருங்க” என்ற மனைவி அதற்குள் கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்திருந்தார். ஒலிபெருக்கியைப் போட்டுக் கையில் கொடுத்தார்.

“பால் கொடுக்காதீங்க சார்” என்றார் அந்த மருத்துவர் அம்மாள். “சில்லுனு இருக்கற குட்டிக்குச் செரிக்காது; புரையேறினா போயிடும். பல்புல காட்டாதீங்க. சட்டைக்குள்ள விட்டு, உங்க நெஞ்சோட வெச்சுட்டு உக்காருங்க. மெதுவாத்தான் சூடேறணும். ஒரு மணி நேரம் ஆகலாம். வாய்க்குள்ள விரல் வெச்சுப் பாருங்க, வெதுவெதுப்பா இருந்து சப்பினா தாய்கிட்ட விடுங்க. பெட்டியில எவ்வளவு வெச்சிருக்கீங்க?”

“முப்பத்தஞ்சு மேடம். துல்லியமா.”

“பெட்டி முழுக்கவா?”

“முழுக்க.”

“தாய் எங்க படுக்குது?”

“குளியலறையில.”

“ரோமம் போத்துக்கிட்டு முப்பத்தஞ்சுல நீங்க படுப்பீங்களா? முதல் வாரம் முப்பது, முப்பத்திரண்டு போதும். அதுவும் ஒரு பக்கம்தான். அடுத்த பக்கம் ஆறி இருக்கணும். குட்டிக்குச் சூடு தாங்கலன்னா ஊர்ந்து போக இடம் வேணும் இல்லையா?”

மனைவி போர்வையை விலக்கினார். நான்கு குட்டிகளும் பல்பை விட்டு விலகி, மூலைக்கு ஒன்றாய், அட்டைச் சுவரில் மூக்கை அழுத்திக் கிடந்தன. கொட்டகையில் குஞ்சுகள் இப்படிச் சுவரோரம் ஒதுங்கினால், பத்தடிக்கு அப்பாலிருந்தே விளக்கைத் தூக்கச் சொல்லிக் கத்துபவர் அவர். இங்கே போர்வையைப் போட்டு மூடிவிட்டு, ஒரு நாளுக்கு மேலாக எண்ணை மட்டுமே பார்த்திருக்கிறார்.

உட்கார்ந்தார். சட்டைக்குள் கறுப்புக்குட்டி சிறு ஐஸ்கட்டி போல் இருந்தது. எழுந்து நாலு எட்டு நடக்கக் கால் துடித்தது; நடந்தால் குட்டி நழுவும். மனைவி பல்பைக் கழற்றி, வெந்நீர்ப் பையைத் தடித்த துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு கோடியில் வைத்து, மறு கோடியை வெறுமையாக விட்டார். தாய் எளிதாக வந்துபோக அட்டையின் ஒரு பக்கத்தைத் தாழ வெட்டினார். துண்டின்மேல் முழங்கையை வைத்துச் சூடு பார்த்தார்.

“வெப்பமானியை எங்க வைக்கட்டும்?” என்றார் கத்தரிக்கோலை மடியில் வைத்தபடி.

“துண்டுப் பக்கம், தரையோட. முப்பத்திரண்டைத் தாண்டினா பையை எடுத்துடு.”

பன்னிரண்டேகாலுக்குத் தாய்நாய் குளியலறையிலிருந்து வந்து, பெட்டியை இரண்டு முறை சுற்றி முகர்ந்து, உள்ளே ஏறிப் படுத்தது. குட்டிகள் தட்டுத்தடுமாறி அதன் வயிற்றுக்கு ஊர்ந்தன. அதற்கு இருபது நிமிடம் கழித்து அவர் நெஞ்சில் ஏதோ கீறியது. நகம்.

“வாய்க்குள்ள விரல் வெச்சுப் பாருங்க, மேடம் சொன்னாங்களே.”

வைத்தார். வாய் வெதுவெதுப்பாக இருந்தது. விரலை இழுத்தது.

முலையருகே கொண்டுபோய் விட்டார். பெரிய குட்டி ஒன்று இடித்துத் தள்ளியது. மறுபடி விட்டார், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மூன்றாம் முறை பெரியதை விரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார். கறுப்புக்குட்டி கவ்வியது, அதன் பின்கழுத்து தாளத்தோடு அசையத் தொடங்கியது.

அப்போது மகள் அழைத்தாள். மனைவி எடுத்துப் பேசிவிடட்டுமா என்று கண்ணால் கேட்டார். அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

“அஞ்சும் இருக்கும்மா. சின்னது போகத் தெரிஞ்சுது. நான்தான் காரணம். கோழிக்கு வைக்கிற சூட்டை வெச்சுட்டேன்.”

“இப்ப அவ எங்கப்பா?”

“உள்ளதான் படுத்திருக்கா. பால் கொடுக்கறா.”

“நீங்க?”

“நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்.”

“நீங்க உக்காந்திருக்கீங்களா?” என்றாள் மகள். “அம்மாகிட்டப் போனைக் கொடுங்க. அவங்க சொல்லட்டும்.”