சவுக்குத்தோப்புக் காவலாளி

மிருகவதை செய்து தண்டனை பெற்றவர்களின் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், எனக்குச் சதுரங்கப்பட்டினத்துச் சவுக்குத்தோப்பு ஞாபகம் வருகிறது.

செங்கல்பட்டு நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்தேன். ஓய்வு பெறவிருந்த மாதம், மகனின் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோக வேண்டியிருந்தது. அங்கே நாய்க்கு அனுமதி இல்லை. அந்தத் தோப்பின் காவலாளி, விஷயம் கேள்விப்பட்டு வந்து எங்கள் நாயைக் கேட்டான்.

"வூட்டுப் புள்ள கணக்கா பாத்துக்கறேன் சார்" என்றான். கொடுத்துவிட்டேன்.

மறுவாரம், பொறுப்பை ஒப்படைப்பதற்காகத் தண்டனைப் பதிவேட்டைச் சரிபார்த்தபோது அவன் பெயரும் ஊரும் கண்ணில் பட்டன. ஒரு நாயைக் கட்டிவைத்து அடித்த வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருந்தான். பதிந்தவன் நானேதான். நகல் மனு போட்டால் யாரும் அதைத் தெரிந்துகொள்ளலாம் என்பது விதி. நாயைக் கொடுக்குமுன் மனு போட யாருக்குத் தோன்றும்? பதிவேட்டு அலமாரிச் சாவியை வைத்திருந்த எனக்கே தோன்றவில்லை.

அன்றே பஸ் பிடித்துப் போனேன்.

"அது அன்னிக்கே கயித்த அத்துகினு ஓடிப்பூட்ச்சு சார். பேஜாரு புடிச்ச நாயி. வேணும்னா நீயே தேடிப் பாரு" என்றான்.

மரத்தில் கட்டியிருந்த கயிறு முழுசாகத்தான் இருந்தது.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தோப்பைச் சுற்றினேன். அவனும் கூடவே வந்து கூப்பிட்டான், என்னைவிட அன்பான குரலில்.