அத்தை கால் வைத்த முதுகு

தரையில் மெட்டி உரசும் சத்தம் கேட்டால் முதலில் என் முதுகு விழித்துக்கொள்ளும், பிறகுதான் நான். நேற்று எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்தில் யாரோ ஒரு பெண் கடந்து போனாள். நான் தொண்ணூறுகளின் விவேக் நகர் வீட்டில், சிறுமியாக, குப்புறக் கிடந்தேன்.

இரத்தப் புற்றுக்கான மருந்துகள் நோயோடு சேர்த்து என் எதிர்ப்புச் சக்தியையும் வழித்தெடுத்திருந்த காலம். முதுகில் ஒரு வலி வந்து உட்கார்ந்து, எழ மறுத்தது. பிடிப்பு என்றார் அப்பா; ஆனேக்கலிலிருந்து தன் தங்கையை வரவழைத்தார். அத்தை பிறந்தபோது கால்தான் முதலில் வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் காலால் தொட்டால் பிடிப்பு விட்டுப்போகும் என்பது எங்களவர் நம்பிக்கை. அவள் வந்தால் மிதி வாங்கத் தெருவே முதுகைக் காட்டும்.

அன்று மெட்டி தரையில் உரச வந்து, அவள் பாதம் பட்டதும் அலறினேன். வெடுக்கென்று காலை எடுத்துக்கொண்டாள்.

"அண்ணா, இது பிடிப்பில்ல. புள்ள முதுகு கொதிக்குது. ஆட்டோவக் கூப்பிடு."

"மெதுவா வெச்சிருக்கலாம்ல?"

"பூ மாதிரிதான் வெச்சேன். கூப்பிடுண்ணா!"

ஆஸ்பத்திரியில் முதலில் எலும்புக் காசநோயோ என்று சந்தேகித்தார்கள். முதுகிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்தால், பூஞ்சை. எல்லோரும் மூச்சோடு இழுப்பதுதான், எதிர்க்க ஆளில்லாத உடம்பில் முதுகெலும்பைத் தின்கிறது, நரம்பை அழுத்தினால் கால்கள் போய்விடும் என்றார் டாக்டர். அத்தை அவரை முறைத்தாள்.

"பழைய ரொட்டில பூக்குமே, அதுவா? எங்க புள்ள என்ன, பேக்கரியா?"

டாக்டர் சிரித்துவிட்டார். அப்பா அழுதார்.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும்போது கட்டிலே ஆடும்படி குளிர் உதறும். அத்தை என் பாதங்களை மடியில் வைத்து, முந்தானையால் சுற்றி, உள்ளே கைவிட்டு ஒரு விரலைக் கிள்ளுவாள். "எந்த விரலு, சொல்லு?" சொல்வேன். ஒருமுறை பதில் தாமதித்தபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்து, வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது, வேண்டுமென்றேதான் தாமதித்தேன். "கழுத!" என்று தொடையில் ஒன்று வைத்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வார்டு ஆயா இடுப்பைப் பிடித்தபடி, "அக்கா, எனக்கும் ஒரு ஒத குடேன்" என்று வந்தாள். "என் காலு லீவுல இருக்கு, போம்மா."

அந்த லீவு முடியவே இல்லை. ஏனென்று நாங்கள் கேட்டதுமில்லை.

மாதங்கள் கழித்து, முதுகுப் பட்டை இறுக, நான் நடந்தேன். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை, அவளை வழியனுப்ப. கை கொடுக்காமல் பக்கத்திலேயே வந்தாள். அடுத்த மழைக்குள் மாரடைப்பு அவளைக் கொண்டுபோகும் என்று யாருக்குத் தெரியும்? ஆனேக்கல் பஸ் நகர்ந்தபோது ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினாள்:

"வந்தது போதும்டி! மூச்ச எல்லாம் இங்கயே செலவு பண்ணாத, திரும்பி நடக்கணும்ல!"