லிஃப்ட்காரர் பிரித்து மாட்டிய டீம்

என் வீட்டுக்காரருக்கு வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. கவலை கால்பந்து. வேலையை நான்கு மணிக்கு இறக்கி வைத்துவிடுவார். கவலையை மட்டும் தலையணை வரைக்கும் தூக்கிக்கொண்டு வருவார்.

எங்கள் பகுதி டீம் இந்த வருடம் பதினான்கு ஆட்டம் ஆடி பதினொன்றில் தோற்றது. அதற்கு மேல் தோற்பதற்கு ஆட்டம் மிச்சமில்லாததால் சீசன் முடிந்தது. ஊரில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் டீமைத் தூக்கிக்கொண்டு வந்து என் சாப்பாட்டு மேசையில் போட்டார்.

தூக்கிக்கொண்டு வந்தது நிஜ ஆட்களை இல்லை, என் டப்பா மூடிகளை. சர்க்கரை டப்பா மூடி இடது பக்கம் ஓடுகிற ஆள். காபித்தூள் மூடி நடுவில். உப்பு ஜாடி மூடி கனமானது, இடத்தை விட்டு நகராது. அதனால் அது பின்வரிசையில் நிற்கும் 'சிலை'. முன்னால் கோல் போட வேண்டியவனுக்குத் தலைமுடி கலையக் கூடாது, பெயரே 'போஸ்டர்'. அவனுக்கு பிஸ்கட் டப்பாவின் பளபள மூடி. மூடி இல்லாத டப்பாக்களில் எறும்பு குடும்பத்தோடு வந்து குடியேறிவிட்டது. கேட்டால், "ஒரு வாரம் பொறுத்துக்கோ, டீம் செட்டாகிடும்" என்பார்.

கோல்கீப்பருக்கு மட்டும் மூடி கிடையாது. குக்கர் வெயிட்டை வைப்பார். அதுதான் என் தம்பி.

எனக்கும் அவனுக்கும் பதினோரு வயது வித்தியாசம். அம்மா போனபோது அவனுக்கு ஏழு. மூக்கைச் சிந்திவிட்டதிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கையெழுத்துப் போட்டது வரை நான்தான். இப்போது அவனுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஆளுயரக் கண்ணாடியை ஒற்றை ஆளாக வண்டியில் ஏற்றுவான். பந்தை விட்டாலும் விடுவான், கண்ணாடியை விட மாட்டான் என்று மைதானத்தில் கிண்டல். முதலில் அவனுக்கு 'சுவர்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். இந்த வருடம், "சுவர்ல ஜன்னல் வச்சுட்டாங்கடோய்!" என்று கத்த ஆரம்பித்தார்கள். கத்துகிற வாய்க்கெல்லாம் முட்டியில் நீர் கோத்தால் தெரியும்.

போன வருடம் அந்த முட்டி வீங்கி, இரண்டு ஆட்டம் வெளியே உட்கார்ந்தான். போனை அணைத்து வைத்துவிட்டான். மூன்றாம் நாள் நான் கடைக்கே போனேன். கண்ணாடி அடுக்குக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். எந்தக் கண்ணாடியைப் பார்த்தாலும் அவன் முதுகுதான் தெரிந்தது.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு என்னக்கா பண்றது?" என்று கேட்டான்.

அவ்வளவுதான் கேட்டான். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. பதினான்கு வருடமாக ஐந்து மணியானால் பூட்ஸை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போகிறவன். அதை எடுத்துவிட்டால் மீதி என்ன?

இந்த நிலைமையில் புதுக் கோச் வந்தார். அதற்கு முன்னால் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். பக்கத்தில் உட்கார்ந்து சாவுக்கு பயந்தே வாழ்ந்த மனுசன், அதனால் யாரைப் பார்த்தாலும் கண் இமைக்காமல் பார்ப்பார். வந்த முதல் வாரமே ஒரு சட்டம் போட்டார். கேலரியில் இருந்து கத்துகிறவர்கள் அவரவர் கருத்தை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டக்காரர்கள் எல்லோரையும் உட்கார வைத்து, அவர்கள் முன்னாலேயே வாசிப்பார். எழுதினவரும் அங்கே இருக்க வேண்டும். "பின்னாடி இருந்து ஹாரன் அடிக்கறவங்க முன்னாடி வந்து வண்டியை ஓட்டிக் காட்டுங்க" என்றாராம்.

சட்டத்தைக் கேட்டதும் முக்கால்வாசி வாய் மூடிக்கொண்டது. என் வீட்டுக்காரருக்கோ கல்யாணக் களை வந்துவிட்டது.

இருபது வருடமாக அவர் சொல்லாத கருத்து இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கத்த மாட்டார், வசவு கிடையாது. லிஃப்டைப் பார்ப்பது போலத்தான் டீமையும் பார்ப்பார். "மோட்டார மாத்தினா லிஃப்ட் ஓடிடும்னு நினைக்கறாங்க. கதவு சரியா மூடலன்னா எந்த மோட்டாரும் ஓடாது. முதல்ல பின்வரிசைய மூடணும்" என்பார். அவர் சொன்னால் மைதானத்தில் நான்கு பேர் காது கொடுப்பார்கள். மாமனாக இருந்தாலும் மச்சானாக இருந்தாலும் ஓரம் பேசாத ஆள் என்று ஒரு பெயர்.

வெள்ளிக்கிழமை காலை அடுப்பு மேடையில் குக்கர் வெயிட் கிடந்தது. இரண்டு வாரம் கழித்துத் தானாக வீடு திரும்பியிருக்கிறதே என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது. மேசையைப் போய்ப் பார்த்தேன். பத்து மூடி இருந்தது. கோல் இருக்க வேண்டிய இடத்தில் மேசைதான் இருந்தது.

"என்னங்க, வெயிட் அங்க கிடக்குது?"

"வேலை முடிஞ்சுது. எடுத்துக்கோ."

"அப்ப கோலுக்கு யாரு?"

"ஆள் பாக்கணும்."

"உங்க மச்சான்னு ஒரு நினைப்பாவது இருக்கா உங்களுக்கு?"

"லிஃப்டுல யாரு ஏறப்போறாங்கன்னு பாத்தா கயிறு மாத்துவாங்க?"

"அவன் மனுசன். கயிறு இல்ல."

"நல்ல கயிறு. அதனாலதான் சொல்றேன்" என்று நான்கு பக்கத்தை என் முன்னால் வைத்தார். "மதியத்துக்குள்ள எழுதிடு."

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அவர் கையெழுத்துக்குக் கோழிக் கிளறலே தேவலை. கல்யாணமான நாளிலிருந்து அவருடைய எல்லாக் கடிதத்தையும் நல்ல எழுத்தில் எழுதித் தருவது நான்தான். அவர் கிறுக்குவார், நான் எழுதுவேன், அவர் கையெழுத்துப் போடுவார். அப்படித்தான் எங்கள் வீட்டு ஆபீஸ் நடக்கிறது. ஆக, என் தம்பியை டீமை விட்டு அனுப்பச் சொல்லி என் கையாலேயே நான் எழுத வேண்டும்!

பாத்திரத்தைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். மூன்று பக்கம் மளமளவென்று போயிற்று. சிலையை நகர்த்தி நடுவில் போடச் சொல்லியிருந்தார். போஸ்டரை ஆறு ஆட்டம் வெளியே உட்கார வைக்கச் சொல்லியிருந்தார். நான்காவது பக்கத்தில் இது இருந்தது:

'கோல்கீப்பர் முதல் பந்தைப் பாய்ந்து தட்டிவிடுகிறார். அடுத்த பந்து வரும்போது இன்னும் தரையில் இருக்கிறார். முட்டி எழ விடவில்லை. பதினான்கு வருடம் எல்லோரையும் தாங்கிய கயிறு. அறுந்து விழுகிற வரை தொங்க விடுவது அதற்கு மரியாதை இல்லை. இறக்கி வைக்க வேண்டும்.'

பேனா அங்கேயே நின்றுவிட்டது. கண்ணாடி அடுக்குக்குப் பின்னால் தெரிந்த அந்த முதுகு கண் முன்னால் வந்தது. அந்த ஆறு வரியை விட்டுவிட்டு, 'இப்படிக்கு' என்று போட்டேன். அவர் எழுதிய தாள்களை அடுப்பில் பற்ற வைத்துத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

வந்ததும் படித்துப் பார்ப்பார் என்றுதான் நினைத்தேன். நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார்.

"படிச்சுப் பாக்கலையா?"

"நீ எழுதினத நான் என்னத்தப் படிக்கறது?"

அதற்குப் பதில் என்னை நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

சனிக்கிழமை தம்பி சாப்பிட வந்தான். நாற்காலியில் உட்கார, மேசையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"மாமா என்னப் பத்தி என்னக்கா எழுதியிருக்காரு?"

"எனக்கென்னடா தெரியும்."

அவன் என் விரலைப் பார்த்தான். நடுவிரலில் மை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "தட்டப் பாத்து சாப்பிடு" என்றேன். அன்று ராத்திரி முழுக்க நான்தான் புரண்டு புரண்டு படுத்தேன். எழுதினவர் குறட்டை விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். உடை மாற்றும் அறையில் மர பெஞ்சு, ஈர சாக்ஸ் நாற்றம், முப்பது பேர். கையெழுத்தில்லாத மூன்று கடிதத்தைக் கோச் படிக்காமலே குப்பையில் போட்டார். அப்புறம் எங்களுடையதை எடுத்தார். நிதானமாக வாசித்தார். 'சிலை நகர்ந்தால் டீம் நகரும்' என்ற இடத்தில் சிலையே சிரித்துவிட்டான். போஸ்டர் மட்டும் தலையைத் தடவிக்கொண்டான். நான் சுவரில் இருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டுக் கோச் தாளைத் திருப்பிப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார்.

"பத்து பேர்தான் இருக்காங்க. கோல்கீப்பர் எங்க சார்?"

என் வீட்டுக்காரர் எழுந்து போய்த் தாளை வாங்கினார். கையை நீட்டி எட்டப் பிடித்துப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மறுபடி ஆணியைப் பார்த்தேன்.

"விட்டுப் போச்சு" என்றார்.

பின்னால் இருந்து ஒரு குரல், "மச்சான்னா விட்டுத்தான போகும்!" என்றது. அறையே சிரித்தது. இருபது வருடப் பெயர் ஒரு சிரிப்பில் போயிற்று. காதெல்லாம் சிவந்துபோய் நின்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தரை பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது எனக்கு.

தம்பிதான் எழுந்தான், பெஞ்சில் கை ஊன்றி.

"மாமா எதையும் விடற ஆளு இல்ல. இது எங்க அக்கா எழுத்து." என் பக்கம் திரும்பினான். "அக்கா, என்ன எழுதியிருந்தாரு?"

முப்பது முகம் என்னைப் பார்த்தது. கொஞ்ச நேரம் முன்னால் ஆணியைப் பார்த்த கண் அவன் முட்டியைப் பார்த்தது.

"ஞாபகம் இல்லடா" என்றேன்.

அவன் தலையை மட்டும் ஆட்டினான். கோச் தாளை மடித்து வைத்துவிட்டு, "நாளைக்கு சாயங்காலம் அடுத்த சீசன் டீம் லிஸ்ட் போடணும். அதுக்குள்ள யாருக்கு என்ன சொல்லணுமோ எழுத்துல குடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தோம். செருப்பைக் கழற்றும்போது என் வீட்டுக்காரர், "சொல்லியிருந்தா நானே விட்டிருப்பேனா மாட்டேனா தெரியல. ஆனா நீ கேட்டிருக்கலாம்" என்றார்.

தம்பி போனை அணைத்துவிட்டான். எட்டு முறை அடித்துப் பார்த்தேன். திங்கட்கிழமை கண்ணாடிக் கடைக்குப் போகலாம் என்று செருப்பை மாட்டும்போது அவனே வாசலில் நின்றான். கையில் ஒரு வெள்ளைத் தாள்.

"போன எதுக்குடா அணைச்ச? உசிரு போயிடுச்சு எனக்கு."

"சார்ஜ் இல்லக்கா. உக்காரு. எழுது."

"என்னத்த எழுத?"

"கோச்சுக்கு. நானே விலகிக்கறேன்னு. எனக்கு உன்ன மாதிரி எழுத வராது."

பேனாவைத் தேடுகிற சாக்கில் இரண்டு நிமிடம் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன். வந்து உட்கார்ந்தேன். 'மதிப்பிற்குரிய கோச் அவர்களுக்கு' என்று எழுதினேன்.

"அப்புறம்?"

"மாமா எழுதினத அப்படியே போடு."

"ஞாபகம் இல்லன்னு நேத்தே சொன்னேனேடா."

"ரெண்டாங்கிளாஸ்ல நான் யாரக் கடிச்சேன்னு இன்னும் சொல்லிக் காட்டறவ நீ. எழுதுக்கா."

எழுதினேன். ஆறு வரியும் வந்தது. கோல்கீப்பர் என்று இருந்த இடத்தில் நான் என்று மட்டும் மாற்றினேன். கயிறு என்று எழுதும்போது 'று' கோணிக்கொண்டது. அவன் வாங்கிப் படித்தான். சத்தம் போடாமல், உதடு அசைய. கையெழுத்துப் போட்டுவிட்டு மை காய ஊதினான்.

"மாமா நல்லாத்தான் எழுதியிருக்காரு" என்றான்.

கடிதத்தைக் கொடுத்துவிட்டு அவன் திரும்பி வந்தபோது மணி நான்கே முக்கால். என் வீட்டுக்காரரும் வேலை முடிந்து வந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மன்னிப்பு, சமாதானம் ஒன்றும் நடக்கவில்லை. இவர் மூடிகளை எடுத்து மேசையில் பரப்பினார்.

"மாப்ள, கீப்பர் எடம் காலி. யாரப் போடலாம்?"

"முதல்ல இந்த உப்பு மூடிய நகத்துங்க மாமா. இவன் முன்னாடி நின்னா எனக்குப் பந்தே தெரியாது. எவன் வந்தாலும் தெரியாது."

"அவன நடுவுல போடச் சொல்லித்தான் எழுதியிருக்கேன்."

"நடுவுலயா? அங்க போட்டா தூங்கிடுவான்!"

"யாரு, அவனா? நீ பின்னாடி இருந்து பாத்தவன். நான் மேல இருந்து பாத்தவன்."

"மேல இருந்து பாத்தா எறும்புதான் தெரியும்."

சத்தம் ஏறியது. நான் டீ வைத்தேன். தம்பி பேசிக்கொண்டே கையை நீட்டி, "அக்கா, அந்த வெயிட்டக் குடு" என்றான். குக்கரில் இருந்து கழற்றிக் கொடுத்தேன். அதைக் கோல் இருக்கும் இடத்தில் வைக்கவில்லை. மேசைக்கு வெளியே, தன் டீ டம்ளர் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சர்க்கரை மூடியை இழுத்து வாதம் பண்ணினான்.

ஐந்தடித்தது. அவன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஐந்தரைக்கும் பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.