இரண்டு மூடிகள்

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டு முன்னால் நிற்கும் சின்ன பிரிட்டிஷ் கார் என் மனைவியுடையது. தாதியாக இருந்து பிரசவம் பார்த்த காலத்தில் வாங்கியது. எங்கள் பிள்ளைகள் இருவரும் அதில்தான் ஞானஸ்நானத்துக்குப் போனார்கள். இந்த ஞாயிறு கிள்ளானில் பேத்திக்கு ஞானஸ்நானம். அவளும் அதில்தான் போக வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள். அந்த வாரம் பார்த்து, இன்ஜினில் கசிவு வராமல் அடைக்கும் கேஸ்கெட் போய்விட்டது.

பெட்டாலிங் ஜெயா உதிரிபாகக் கடைக்காரர் போனில் சொன்னார்: "சின்ன இன்ஜினுக்கு ஒரே ஒரு செட் இருக்கு அங்கிள். ரவாங்ல ஒருத்தர் கேட்டிருக்காரு. பெரிய இன்ஜின்னா இங்கிலாந்துல இருந்துதான் வரணும் லா. வாங்கிட்டா திருப்பி எடுக்க மாட்டேன்."

இந்தக் காரில் இரண்டு வகை இன்ஜினும் உட்காரும். மேலே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எங்களுடையதில் இன்ஜின் எண் பொறித்து அடித்திருந்த தகடு, இது சின்ன இன்ஜின் என்றது. ஆனால் ரிவெட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஸ்குரூ. பழைய தகட்டைக் கழற்றி வேறு இன்ஜினில் மாட்டுவது இங்கே நடக்கிற காரியம். போதாததற்கு, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மேடு ஏறிய கார் இது. பெரியதாகத்தான் இருக்கும் என்று பயந்தேன்.

சின்ன இன்ஜினின் பின்புறம் இரண்டு மூடிகள் இருக்கும், எங்கள் காரில் வரும் பெரியதில் இருக்காது என்றார் கடைக்காரர். என் கை உள்ளே போகவில்லை. மகனின் கையும் போகவில்லை. கைப்பேசியை நுழைத்துப் படம் எடுத்தோம்; ஆறு படத்திலும் எண்ணெய்க் கறுப்புதான்.

மனைவி வளையலைக் கழற்றி வைத்தாள். முழங்கைவரை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரெண்டு மூடி இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு போல்ட்."

"இன்னொரு தரம் தொட்டுப் பாரேன்."

"தலையா காலான்னு வயித்துக்கு வெளியில இருந்தே சொன்னவ நான். இரும்பத் தொட்டுச் சொல்ல மாட்டேனாங்க?"

உடனே கடைக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை மகன் கேஸ்கெட்டை மாற்றினான். இத்தனை வருடம் எங்களை இழுத்தது இந்தச் சின்ன இன்ஜினா என்று பானெட்டை மூட மனமில்லாமல் நின்றேன்.

ஞாயிறு காலை மனைவிதான் ஓட்டினாள். மருமகள் மடியில் பேத்தி. பெடரல் நெடுஞ்சாலையில் எங்களை முந்திய லோரிகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டு வந்தேன். பதினான்கு என்றதும் மனைவி சொன்னாள்:

"மெதுவா எண்ணுங்க. பாப்பா தூங்குது."