அரை பாட்டில் பெட்ரோலும் இரண்டு டாக்சிகளும்

அந்தனானரிவோ நகரத்து மேட்டில் டாக்சி ஓட்டும் ரிவுவுக்கு நாற்பது வயது. அவனுடைய ரெனோ கார் வயதில் அவனுக்கு அண்ணன். இரண்டு பேருக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று ஸ்டாண்டில் கேலி செய்வார்கள். கேலிக்குத் தலைவன், சித்ரோன் கார் ஓட்டும் சுலூஃபு.

"அது வண்டியா, தகர டப்பாவா? அந்தக் கல்லு ரோட்டுல உன்கூட வந்தா பல்லெல்லாம் கொட்டிடும். என்னுது தொட்டில் மாதிரி."

"தொட்டிலேதான். அதான் மேட்டைப் பார்த்தா தூங்கிடுது. நாலு மூட்டை அரிசியை ஏத்திக்கிட்டு ஏறச் சொல்லு, பார்ப்போம்."

எதிலும் ஒத்துப்போகாத இருவரும் பெட்ரோல் விஷயத்தில் மட்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். சவாரி ஏறி, கையில் காசு விழுந்த பிறகுதான் பங்க்குக்குப் போவார்கள். இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு உருளுவார்கள். இதைக் கஞ்சத்தனம் என்று சொன்னால் அந்த ஊர் டாக்சிக்காரர்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வரும்.

இப்படி இருந்த ரிவுவுக்கு சுலூஃபுவின் தங்கை ஹந்தாவைப் பிடித்துப்போனது. தையற்காரி, வெடுக்கென்று பேசுவாள். அவளுக்கும் சம்மதம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பெண் கேட்க வரச் சொன்னார்கள். தாமதமானால் பெண்ணை அவமதித்த மாதிரி. அவளுடைய பெரியப்பா வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்.

ரிவு கோட்டு போட்டான். அவனுக்காகப் பேச வந்த மாமா, இரண்டு அத்தைகள் எல்லோரையும் ஏற்றினான். பாதி மேட்டில் வண்டி இருமியது, நின்றது. அன்றைக்குச் சவாரி இல்லை, காசு விழவில்லை, ஆகவே பெட்ரோல் போடத் தோன்றவும் இல்லை. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மாப்பிள்ளை வீட்டாரைக் காணோமே என்று மேலிருந்து சுலூஃபு சித்ரோனில் சத்தமில்லாமல் உருண்டு வந்து பக்கத்தில் நிறுத்தினான். முகமெல்லாம் சிரிப்பு.

"சித்ரோன்தான் ஒசத்தின்னு சொல்லு மச்சான். எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போறேன்."

ரிவு பல்லைக் கடித்தான். மணி பத்தாகப் பத்து நிமிஷம். "ஒசத்தி" என்றான்.

"அத்தைங்களுக்குக் கேக்கல."

"ஒசத்திடா! போதுமா?"

எல்லோரும் மாறி ஏறினார்கள். சுலூஃபு சாவியைத் திருப்பினான். மறுபடியும் திருப்பினான். அவனுக்கும் அன்றைக்குச் சவாரி இல்லை.

"மாப்ளே," என்றார் மாமா, "நான் மனப்பாடம் பண்ணிட்டு வந்த பேச்சுல இதுக்கு ஒரு வரிகூட இல்லையே."

இரண்டு வண்டிகளும் நிற்பதை மாடியிலிருந்து பார்த்திருக்கிறாள் ஹந்தா. பெண் கேட்டு முடியும்வரை அறைக்குள் இருக்க வேண்டியவள், புதுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படிகளில் இறங்கி வந்தாள். கையில், மெஷின் துடைக்க வைத்திருந்த அரை பாட்டில் பெட்ரோல்.

"ரெண்டு வண்டிக்கும் பத்தாது" என்று அண்ணனைத் தாண்டிப் போய் ரெனோவில் ஊற்றினாள்.

சுலூஃபுவுக்குச் சுருக்கென்றது. "அவன் வாயாலேயே என்னுதுதான் ஒசத்தின்னு சொல்லிட்டான். நீ ஏன் அதுல ஊத்துற?"

"சொகுசுக்கு உன்னுதுதாண்ணே. ஆனா இதுலதான் பெருசா பின்கதவு இருக்கு. என் தையல் மெஷின் உன் வண்டிக்குள்ள நுழையாது."

மெஷின் வீட்டை விட்டுப் போகப்போகிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இறங்கி வந்து, ரெனோவின் பின்கதவைத் திறந்து மூடிப் பார்த்தான்.

"கீல் லொடலொடன்னு ஆடுது மச்சான்," என்றான். "அவ மெஷினை ஏத்துறதுக்குள்ள மாத்திடு."